மன்னார்க் கரையின் பாட்டேடுகள்: முதற்பதிப்பும் சேகரிப்பும்

இசை நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு மன்னார் பழக்கமான ஊர் அன்று. அங்கே சுரக்குறிப்பு அச்சிட்ட அச்சுக்கூடமும் இல்லை, கீர்த்தனைகளை ஏட்டில் பேணிய சமஸ்தானமும் இல்லை. ஆனால் தீவிலும் எதிர்க்கரையான மாதோட்டத்திலும் உள்ள கத்தோலிக்கக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்ட நாடக ஏடுகளும், தபசு காலத்தில் பாடும் பசாம் என்னும் பாடுகளின் பாட்டுக் கொப்பிகளும், வியாகுலப் பிரசங்கப் படிகளும் உண்டு. இவற்றில் சில 1960களில் முதன்முறையாக ஆய்வுப் பதிப்புகளாக அச்சேறின. அந்தப் பதிப்புகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு மூலமான ஏடுகள் இன்னும் அரியவை. இவற்றைச் சேகரிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: எது முதற்பதிப்பு? அந்தப் பதிப்பில் இசை எவ்வளவு இருக்கிறது?

ஐரோப்பிய இசையில் முதல் கேள்விக்குத் தேர்ந்த முறை ஒன்று உண்டு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இசைத்தாள்கள் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்டைப் போடுவதில்லை. ஒரே தகட்டிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் படி எடுத்தார்கள். ஆகவே பக்கத்தின் அடியில் உள்ள தகட்டு எண், அட்டையிலுள்ள விலை, பதிப்பாளரின் முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டே காலம் கணிக்கப்படுகிறது. ஓட்டோ எரிக் டொய்ச் இத்தகைய எண்களைத் தொகுத்து 1946இல் வெளியிட்டார். ஹாலந்து நாட்டவரான அந்தோனி வான் ஹோபோக்கன் (1887–1983) ஹைடன், மொசார்ட், பேத்தோவன் முதலானோரின் முதற்பதிப்புகளையும் ஆரம்பகாலப் பதிப்புகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அந்தத் தொகுப்பை ஆஸ்திரிய அரசு 1974இல் வாங்கி வியன்னாவிலுள்ள தேசிய நூலகத்தில் வைத்தது. அவர் செய்த இன்னொரு பணி மன்னாருக்கு மிக நெருக்கமானது. இசையமைப்பாளர்கள் தம் கையால் எழுதிய தாள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்ததால், அவற்றைப் புகைப்படமெடுத்துச் சேமிக்கும் காப்பகம் ஒன்றை அவர் 1927இல் வியன்னாவில் தொடங்கிவைத்தார். மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டு அதன் படத்தை மட்டும் பொதுவில் வைப்பது அதன் நோக்கம்.

தமிழ்நாட்டில் சுரக்குறிப்புடன் வந்த பெருநூல்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. கிறிஸ்தவரான ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்தில் தியாகராசர் கிருதிகள் உட்படக் கருநாடக இசையை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்து, சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கு மேற்பட்ட கிருதிகளுக்குச் சுரமும் கமகக் குறியும் இட்ட நூல் அது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இல் தஞ்சாவூரில் அச்சானது. மூன்றுமே சேகரிப்பாளர்கள் தேடும் நூல்கள். இவற்றில் முதற்பதிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. மறுபதிப்பில் எழுத்து மாறும்போதும் குறிகள் எளிமையாக்கப்படும்போதும் இசையின் நுட்பம் சிறிதாவது நழுவுகிறது. பிரதர்சினியின் தெலுங்குப் பதிப்பையும் பிற்காலத் தமிழெழுத்துப் பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இதை அறிவார்கள்.

மன்னாரின் ஏடுகளில் சுரம் கிடையாது. பெரும்பாலும் பாட்டின் தலையில் அதன் வகைப்பெயர் மட்டும் இருக்கும். தமிழிசைக்கு இது புதிதன்று. மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். சம்பந்தர் பதிகம் நட்டராகத்திலும் சுந்தரர் பதிகம் நட்டபாடையிலும் அமைந்தவை என்று திருமுறை வகுப்பு சொல்கிறது. பண்ணின் பெயரை ஏடு காத்தது, பண்ணின் ஓட்டத்தை ஓதுவார் மரபு காத்தது. அம்மரபு தளர்ந்த இடங்களில் பெயர் மட்டுமே மிஞ்சியது. தேவாரத்துக்கு நேர்ந்த அந்த இழப்பு, நாடக ஏட்டுக்கு இப்போது நேர்ந்துகொண்டிருக்கிறது.

மன்னாரில் இந்த ஏடுகள் ஏன் இவ்வளவு காலம் கையெழுத்தாகவே இருந்தன என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முத்துக்குளிக்கும் கரையோடு வந்த கத்தோலிக்கம் 1540களில் தீவில் வேரூன்றியது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் சுமார் 600 பேர் வெட்டுண்டு இறந்ததை மன்னார்த் திருச்சபை மறைசாட்சிகள் நினைவாக இன்றும் போற்றுகிறது. போர்த்துக்கேயர் 1560இல் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். தமிழ் அச்சின் முன்னோடியான ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளும் முத்துக்குளித்துறையில் உழைத்தவரே. அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதாவது, தமிழ் எழுத்து அச்சேறிய முதல் அலையே இந்தக் கடற்கரைச் சமூகத்துக்காக எழுந்தது. அந்த வாசல் பிறகு அடைபட்டது. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமார் தடை செய்யப்பட்டார்கள். 1730களில் கொழும்பில் ஒல்லாந்தர் நிறுவிய அச்சுக்கூடம் தமிழிலும் அச்சிட்டது. அது கத்தோலிக்கருக்கு உரியதாக இருக்கவில்லை.

ஆகவே அக்கால இலங்கையின் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் கையெழுத்தில் வாழ்ந்தது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் உரைநடை. தபசு காலத்தில் கோயிலில் அது நீட்டி இசைத்து வாசிக்கப்படும். வாசிப்பவர் வசனத்தை எங்கே இழுப்பார், எங்கே தாழ்த்துவார் என்பது படியில் எழுதப்படவில்லை. கேட்டுப் பழகியவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன் நடுநடுவே பாடப்படும் பசாமும் ஒப்பாரிப் பாடல்களும் அவ்வாறே. இந்தப் பிரசங்கம் பிற்காலத்தில் அச்சாகிப் பலமுறை மறுபதிப்பானபோதும் ஊர்க் கோயில்களில் பழைய கையெழுத்துப் படிகளுக்குத் தனி மரியாதை இருந்தது. அவற்றில்தான் வாசித்தவர்களின் குறிகள் இருந்தன.

நாடக ஏடுதான் சேகரிப்பாளருக்கு மிகவும் செழுமையான பொருள். மன்னாரில் கூத்து மரபு இரண்டு பாங்காகப் பிரிகிறது. வடபாங்கை யாழ்ப்பாணப் பாங்கு என்றும், தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வார்கள். ஒரே கதை இரு பாங்கிலும் ஆடப்படலாம், ஆனால் மெட்டும் ஆட்டமும் வேறுபடும். விடிய விடிய, சிலபோது ஓர் இரவைத் தாண்டியும் நீளும் பெரிய ஆட்டம் நாடகம். அதையே சுருக்கி, வசனத்தை மிகுத்து அமைப்பது வாசாப்பு. ஓர் ஏட்டைக் கையில் எடுத்தவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்தப் பாங்கு, நாடகமா வாசாப்பா. அட்டையில் ஒரே தலைப்பு இருந்தாலும் உள்ளே வெவ்வேறு படைப்புகள் இருக்கக்கூடும்.

ஏட்டின் உள்ளமைப்பு சீரானது. தோடயம் என்ற தொடக்கப் பாட்டோடு தொடங்கும். கட்டியகாரன் வரவு விருத்தம் வரும், பிறகு அவன் தரு. அதன்பின் அரசன் வரவு, மந்திரி வரவு. ஒவ்வொரு பாத்திரமும் விருத்தத்தில் அறிமுகமாகித் தருவில் ஆடி, கொச்சகத்திலும் சிந்திலும் வசனத்திலும் உரையாடும். துயரம் முற்றும் இடத்தில் புலம்பல். பாட்டின் தலையில் “விருத்தம்”, “தரு”, “கொச்சகம்”, “இன்னிசை”, “சிந்து” என்று எழுதியிருக்கும். சில ஏடுகளில் இராகமும் தாளமும் குறித்திருக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் அந்தத் தலைப்பைக் கண்டதும் மெட்டை எடுப்பார், பிற்பாட்டுக்காரர் தொடர்வார்கள், மத்தளம் அதற்கேற்ற தாளக்கட்டைப் பிடிக்கும். ஒரு தருவின் இரண்டாம் அடியில் எழுத்து நெருக்கமாகவும் நான்காம் அடியில் விரிவாகவும் இருந்தால் அது ஓட்டத்தின் வேகம் மாறுவதைக் காட்டலாம். பழகிய கண்ணுக்கு அது தெரியும், வெளியாருக்கு வெறும் கையெழுத்துதான்.

ஓரங்களில் இருப்பது இன்னொரு உலகம். எந்த ஊரில் யார் யார் எந்த வேடம் கட்டினார்கள் என்ற பட்டியல், நீண்டுபோன பாடலை அடித்துவிட்டு மேலே எழுதிய சுருக்கம், புதிய குருவானவரின் விருப்பத்துக்குச் சேர்த்த ஒரு விருத்தம், கடைசித் தாளில் எழுதி முடித்தவர் பெயரும் நாளும், பிழை பொறுக்கும்படி ஒரு வேண்டுகோள். பனை மிகுந்த தீவில் தொடக்கத்தில் எழுதுபொருள் ஓலை. பின்னர் கோடிட்ட பள்ளிக்கூடக் கொப்பி அந்த இடத்தைப் பிடித்தது. கொப்பியில் இருப்பதால் பிற்காலத்தது என்று ஒதுக்குவது பெருந்தவறு. ஓலையிலிருந்து பார்த்து எழுதிய கொப்பிதான் பல நாடகங்களுக்கு இன்று கிடைக்கக்கூடிய மிகப் பழைய சாட்சி.

இவ்வேடுகளை அச்சுக்குக் கொண்டுவந்ததில் முதன்மையானவர் சு. வித்தியானந்தன் (1924–1989). பேராதனையில் தமிழ் கற்பித்த அவர், 1950களின் பிற்பகுதி முதல் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவை வழிநடத்தி, ஊர் ஊராகச் சென்று கூத்துகளைப் பார்த்து, அண்ணாவிமாரைக் கௌரவித்து, ஏடுகளைக் கேட்டு வாங்கினார். மட்டக்களப்பின் தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகத்தை 1962இல் பதிப்பித்த பின் அவருடைய கவனம் மன்னாரில் குவிந்தது. எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் வெளிவந்தன. முதலாவது, ஹென்றி என்ற பேரரசனைப் பற்றியது. இரண்டாவது குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசை அரசர் மூவரின் கதை. மூன்றாவது, சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்ட இளவரசி மாதாவின் அருளால் மீண்ட கதை. தமிழ்நாட்டில் 1948இல் திரைப்படமாகவும் வந்து பெயர்பெற்ற கதை அது.

மன்னாரைப் பொறுத்தவரை முதற்பதிப்புச் சேகரிப்பின் அச்சாணி இந்த மூன்று நூல்கள். அவற்றின் பெருமை அச்சில் முந்தியது என்பதோடு நிற்பதில்லை. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, கூத்தின் அமைப்பையும் ஆடும் முறையையும் முன்னுரையில் விளக்கி, ஊர்க்கலையைப் பல்கலைக்கழக ஆய்வின் மேசைக்குக் கொண்டுவந்த பதிப்புகள் இவை. ஆடிய தலைமுறை உயிரோடு இருந்தபோது அச்சான காரணத்தால், பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளியப் பதிப்பாசிரியருக்கு ஆள் இருந்தது. பின்னால் வரும் எந்தப் பதிப்புக்கும் அந்த வாய்ப்பு வாய்க்காது.

அதே வேளை, இந்தப் பதிப்புகளின் வரம்பும் தெளிவானது. அச்சேறிய பாடம் படிப்பதற்கேற்பச் சீர்செய்யப்பட்டது. எழுத்துப்பிழை திருத்தப்பட்டால் மன்னார்ப் பேச்சின் ஒலி சில இடங்களில் மறைகிறது. மெட்டு, ஏட்டில் இருந்ததுபோலவே வகைப்பெயராக மட்டும் நிற்கிறது. ஒரு நாடகத்துக்குப் பல ஊர்ப்படிகள் உண்டு. அச்சான பிறகு அச்சுப்பாடமே சரியானது என்ற எண்ணம் பரவினால் மற்ற ஊர்ப்படிகள் கவனிப்பாரற்றுப் போகும். மூவிராசாக்களின் அச்சு நூல் ஒருவரிடம் இருப்பதால் பேசாலையிலோ வங்காலையிலோ உள்ள படி தேவையில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அச்சுநூலும் ஊர்ப்படியும் அருகருகே இருக்கும்போதுதான் சேகரிப்புக்குப் பொருள் உண்டு.

இழப்பின் கணக்கைப் பார்த்தால் அவசரம் புரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னார்க் கரையையும் தாக்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வடபுலத்து அச்சுநூல்களைத் தேடுபவர்களுக்கு இருந்த முதல் வாசல் அன்று மூடியது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ராமேசுவரத்துக்குப் போனார்கள், பலர் மடுவில் தஞ்சம் புகுந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினார்கள். அவர்களுடைய பக்திப் பாடல்களான பைத்துகளும் முனாஜாத்துகளும் அடங்கிய சிறு அச்சுநூல்களும் கையெழுத்துப் படிகளும் இந்தக் கரையின் இசை ஆவணத்தில் ஒரு பகுதி. கத்தோலிக்க நாடகங்களுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. 2007, 2008 போரில் மாதோட்டத்து மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தார்கள். வீட்டைவிட்டு ஓடும்போது கூத்துக் கொப்பியைத் தூக்கிச் செல்வது எல்லோராலும் ஆகாது.

இயற்கையும் துணைநிற்பதில்லை. உப்புக்காற்று தாளை ஈரப்படுத்திப் பூஞ்சணம் பிடிக்கச் செய்கிறது, கறையான் பெட்டியோடு தின்கிறது. 1960களின் அச்சுநூல்கள் மட்டமான தாளில் வந்தவை. பழுத்து, மடிப்பில் ஒடிகின்றன. கட்டுக்கம்பி துருவேறி நடுத்தாளை அரிக்கிறது. இத்தகைய நூலுக்கு முதல் மருத்துவம் துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றி நூலால் தைப்பது. ஒட்டுநாடா ஒட்டுவது கேடு. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். ஓலையைப் பேண முன்னோர் வழி இருக்கிறது: மென்தூரிகையால் தூசி தட்டி, லெமன்கிராஸ் எண்ணெய் தடவி, எழுத்து மங்கினால் விளக்குக்கரி பூசித் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைப்பது.

அச்சுநூலின் பதிப்பை இனங்காணப் பல அடையாளங்கள் உதவுகின்றன. தலைப்புப் பக்கத்தில் ஆண்டும் அச்சகமும் இருக்கும். கத்தோலிக்க வழிபாட்டு நூலில் மேற்றிராணியாரின் (ஆயரின்) அனுமதிக் குறிப்பு இருக்கும். அதிலுள்ள பெயரைக் கொண்டே காலத்தை நெருங்கலாம். மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல். அதற்கு முந்தைய நூலில் யாழ்ப்பாண மேற்றிராணியாரின் பெயரையே எதிர்பார்க்க வேண்டும். இலங்கையில் 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூல்களின் படிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டியிருந்ததால் கொழும்புத் தேசிய சுவடிக் காப்பகத்தின் பதிவுகள் நல்ல துணை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க அச்சுக்கூடம் 1870களிலிருந்து வெளியிட்ட செபநூல்களும் பாட்டுநூல்களும் மன்னார் வீடுகளில் புழங்கியவை. மன்னாரில் முதலில் தேட வேண்டிய இடங்கள் பழைய பெட்டகங்களும் கோயில் சாமான் அறைகளும்தான்.

உரிமை பற்றி மயக்கம் வேண்டியதில்லை. ஏடு அண்ணாவியார் குடும்பத்துக்கோ கோயிலுக்கோ சொந்தம். சில குடும்பங்களில் ஏட்டை வெளியே கொடுப்பதே வழக்கமில்லை. விலை பேசி வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சேகரிப்பு ஊரைக் கொள்ளையடிப்பதற்கு ஒப்பானது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் இத்தகைய பொருள்களை உரிமமின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை தருகிறது. வித்தியானந்தனின் முன்னுரைகளை மறுபதிப்பு செய்ய விரும்புபவர் அதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஹோபோக்கன் 1927இல் செய்ததை இன்று நூலகம் இணைய எண்ணிம நூலகம் வேறு வடிவில் செய்கிறது. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அதில் இலங்கைத் தமிழ் நூல்கள் பல்லாயிரம் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டுள்ளன. அரிய பதிப்பைப் படிக்க மட்டும் விரும்புபவருக்கு இது போதும். சேகரிப்பாளருக்கு வேறு பயன் உண்டு. தம் கையிலுள்ள படியை அங்குள்ள படத்தோடு ஒப்பிட்டு விடுபட்ட தாளையும் மாறிய அட்டையையும் கண்டுகொள்ளலாம். நாடக ஏட்டைப் படமெடுக்கும்போது ஓரக் குறிப்புகளை வெட்டிவிடாமல் தாள் முழுவதையும் எடுப்பது கட்டாயம். வெற்றுத்தாளையும் எடுக்க வேண்டும், அதில் எண்ணெய்க் கறை இருந்தாலும் சரி. எத்தனை இரவுகள் அந்தக் கொப்பி விளக்கடியில் விரிந்து கிடந்தது என்று சொல்லும் ஒரே சான்று சிலபோது அந்தக் கறைதான்.

எஞ்சுவது மெட்டு. அதற்கு ஒலிப்பதிவைத் தவிர வழியில்லை. 1965இல் தொடங்கப்பட்ட திருமறைக் கலாமன்றம் போன்ற அமைப்புகள் வடபுலக் கத்தோலிக்கக் கூத்தை மேடையிலும் பதிவிலும் பேணியிருக்கின்றன. ஆயினும் முழு நாடகத்தையும் தோடயம் முதல் மங்களம் வரை, ஏட்டைப் பார்த்தபடி அண்ணாவியார் ஒருவரைப் பாடவைத்துப் பதிவதே ஏட்டுக்கு நிகரான ஆவணம். மேடைப் பதிவில் ஆரவாரமும் மத்தளமும் சேர்ந்து மெட்டின் நெளிவை மூடிவிடும். வீட்டுத் திண்ணையில் தாளத்தோடு மட்டும் பாடும் பதிவில் ஒவ்வொரு விருத்தத்தின் இழுப்பும் தெளிவாகக் கேட்கும். அப்படிப் பதிந்தால் வடபாங்குக் கொச்சகமும் தென்பாங்குக் கொச்சகமும் எங்கே பிரிகின்றன என்பதைச் சுரம் எழுதிக் காட்டவும் முடியும். 1904இல் எட்டயபுரத்தில் ஒரு முதியவர் தம் குடும்பத்துப் பாடாந்தரத்துக்குச் செய்தது அதுதான். மாதோட்டத்துத் தருக்களுக்கும் அதே உழைப்பு கடமையாகக் காத்திருக்கிறது. 1964, 1966, 1967 பதிப்புகளில் ஒன்றின் பிரதியைக் கையில் வைத்திருப்பவர், அதிலுள்ள முதல் வரவு விருத்தத்தைப் பாடத் தெரிந்த ஒருவரிடம் அந்நூலோடு போய் உட்காருவதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.